இருவரும் ஒருவரே

சத்தியக்கடதாசிகளில் தவறாமல் ஒரு வாக்கியம் வரும்: மேற்படி இரண்டு பெயர்களாலும் குறிக்கப்படுபவர் வெவ்வேறு ஆட்கள் அல்லர், ஒருவரே என்று இத்தால் சத்தியம் செய்து உறுதிப்படுத்துகிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரத்துப் போட்டோப் பிரதிக் கடைகளில் அந்த வாக்கியம் கணினியில் ஆயத்தமாகவே இருக்கும். வருகிறவரின் பெயர்களை இட்டு அச்சடித்தால் முடிந்தது. பிறகு கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், சமாதான நீதவான் ஒருவரின் வீட்டு விறாந்தையில், காற்றுக்குத் தாள் பறக்காமல் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஒப்பமிட வேண்டும். கடவுச்சீட்டுக்கு, ஓய்வூதியத்துக்கு, காணி உறுதிக்கு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க என்று இப்படியான தாள்கள் பல வீடுகளின் அலுமாரிகளில் கிடக்கின்றன. இது ஒரு சில்லறை அலுவல் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கோ அந்த வாக்கியம் நெடுநாளாக உறுத்துகிறது. பிழையைச் செய்தவர் அந்தத் தாளில் எங்குமே இல்லை. பெயரைப் பிழையாக எழுதிய கந்தோர் எந்தச் சத்தியமும் செய்வதில்லை. பிழைக்கு ஆளானவர்தான், அவர் போய்ச் சேர்ந்திருந்தால் அவருடைய பிள்ளைகள்தான், எழுத்துக்குள் மட்டும் பிறந்த ஒரு மனிதனை இரத்தமும் சதையுமாக வாழ்ந்த மனிதனோடு சேர்த்து ஒருவனாக்கிச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மனிதன் படையில் இருந்தவனாகவும், அவனை நேரில் கண்டவர்கள் எல்லோரும் இறந்தவர்களாகவும் இருந்தால் அந்தச் சத்தியத்தின் பாரம் இன்னும் கூடுகிறது. நாம் எதை அறிந்து சத்தியம் செய்கிறோம்?

அம்மாவின் தாய்மாமன் ஒருவர் இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் இலங்கைப் பாதுகாப்புப் படையில் இருந்தவர். அம்மா கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்ததால் எங்களுக்கும் அவர் அம்மான்தான். பருத்தித்துறைப் பக்கத்து ஊரொன்றிலிருந்து பதின்வயதில் கொழும்புக்கு வந்தார். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்குக் கிட்ட ஓர் அறையில் ஊர்க்காரர் பலரோடு தங்கி, துறைமுகப் பக்கத்தில் மூட்டை எண்ணும் வேலை செய்தார். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று காலை, தேவாலயங்களில் சனம் கூடியிருந்த வேளையில், ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. குறி துறைமுகமும் இரத்மலானை விமானத்தளமும். அங்கொடை மனநோய் வைத்தியசாலையிலும் குண்டு விழுந்தது. துறைமுகத்தில் ஹெக்டர், டெனடொஸ் என்ற இரண்டு கப்பல்கள் அழிந்தன. கொட்டாஞ்சேனை துறைமுகத்துக்கு முதுகு கொடுத்து நிற்கிற இடம். அங்கே ஒரு சத்தம் எழுந்தால் இங்கே கோப்பை அதிரும். அடுத்த நாட்களில் நகரத்தை விட்டுப் போனவர்கள் ஏராளம். வடக்கே போகும் ரயிலில் தொங்கிக்கொண்டு போனவர்கள், இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள். அம்மான் போகவில்லை. கொஞ்ச நாளில் படைக்கு ஆட்சேர்த்த மேசைக்கு முன்னால் போய் நின்றார். மூட்டை எண்ணுகிற வேலை நின்றுபோனதாலா, கூலியைவிடப் படைச்சம்பளம் கூடுதல் என்பதாலா, அந்த ஞாயிற்றுக்கிழமை எதையாவது கண்ணால் கண்டதாலா என்று அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்லாததை நாங்கள் இட்டு நிரப்பக்கூடாது. பதிவைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இந்த அடக்கமாவது வேண்டும்.

பிரிட்டிஷ் முறைப்படியான படைச் சேர்க்கைப் படிவம் கேள்விகளால் ஆனது. முதற்கேள்வி, உன் பெயர் என்ன. பொய் விடை சொன்னால் தண்டனை உண்டு என்ற எச்சரிக்கையும் அந்தப் படிவத்தில் இருக்கும். அது எதிர்பார்த்த பெயருக்கு இரண்டு பாகம்: ஆளுக்கு இட்ட பெயர் ஒன்று, குடும்பத்தில் வழிவழியாக வரும் பெயர் மற்றது. எங்கள் பெயரும் பார்வைக்கு இரண்டு பாகம்தான். ஆனால் முன்னால் நிற்பது அப்பா. கந்தையாவின் மகன் சுப்பிரமணியம், கந்தையா சுப்பிரமணியம் ஆகிறான். அவனுக்குப் பிறக்கும் பிள்ளை கந்தையாவைக் கொண்டுபோவதில்லை, சுப்பிரமணியத்தைக் கொண்டுபோகிறது. தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாறும் ஒரு பெயரை, மாறாத குடும்பப் பெயருக்கென்று போட்ட கட்டத்துக்குள் எப்படி வைத்தாலும் ஓரிடத்தில் கோணும். அம்மானின் தாளில் அவருடைய அப்பாவின் பெயர் தட்டச்சில் முழுமையாக நிற்கிறது. அம்மானின் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி அதற்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊர் எல்லையைத் தாண்டியறியாத, புகையிலைத் தோட்டத்துக்குத் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த ஒரு மனிதர் யுத்தத்துக்குப் போனவராகவும், போன மகன் இல்லாதவனாகவும் ஆகிவிட்டார்கள். நாலு வருஷம் அணிவகுப்பில் அம்மானை அப்பாவின் பெயராலேயே கூப்பிட்டிருக்கிறார்கள். அதன் வலி எங்கள் வீடுகளை அறிந்தவருக்குத்தான் விளங்கும். அப்பாவின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூசிய பிள்ளைகள் வளர்ந்த காலம் அது. யாராவது கேட்டால் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு நிலத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பெயரை ஒரு சார்ஜன் வெயிலில் நின்று உரத்துக் கத்த, ஏசுவதானாலும் அதைச் சொல்லியே ஏச, இந்தப் பையன் ஒவ்வொரு முறையும் முன்னால் வந்து நேராக நின்றிருக்க வேண்டும்.

அந்தப் படிவத்தின் பிரதி அவர் இறந்து வெகுகாலம் கழித்து ஒரு காரியாலயத்திலிருந்து எங்களுக்கு வந்தது. அதைக் கையில் வாங்கியபோது முதலில் பிழைதான் கண்ணில் பட்டது. ஊரின் பெயரும் காதால் கேட்டபடி எழுதப்பட்டு வேறு ஏதோ ஊராகியிருந்தது. சமயத்துக்கான இடத்தில் ஒரு சொல் அடிக்கப்பட்டு, அதன் மேல் இன்னொன்று அடிக்கப்பட்டு, இரண்டும் வாசிக்க முடியாமல் இருந்தன. ஆனால் தட்டச்சுப் பெயருக்குக் கீழே, சேர்பவரின் கையொப்பத்துக்கென்று போட்ட கோட்டின் மேல், அம்மான் தமிழில் ஒப்பமிட்டிருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பையனின் உருண்டை எழுத்து. பேனையை அழுத்திப் பிடித்திருக்கிறார், பிரதியிலும் அந்த அழுத்தம் தெரிகிறது. அப்பாவின் முதலெழுத்து, ஒரு புள்ளி, அதன் பிறகு தன்னுடைய பெயர் முழுமையாக. அவருக்கு என்ன பெயர் என்பது பற்றி அந்தத் தாளில் எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. பிழை விழுந்த அதே நாளில், அதே தாளில், அவருடைய கையாலேயே திருத்தமும் எழுதப்பட்டுவிட்டது. அந்தப் பிரதியை அனுப்பிய காரியாலயம், பெயரைத் திருத்துவதானால் அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட ஆதாரம் ஒன்றை இணைக்க வேண்டும் என்று கூடவே ஒரு கடிதமும் அனுப்பியிருந்தது. அவர்கள் கேட்கும் ஆதாரத்தை அவர்களே இத்தனை வருஷமாகக் கோப்பில் கட்டி வைத்திருக்கிறார்கள். அதை வாசிக்கக்கூடியவர் ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் என்றுமே இருக்கவில்லை. இந்த விஷயத்தை எப்படிச் சுற்றி வந்தாலும் நான் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். கைதவறி விழுந்த எழுத்து எல்லாக் கந்தோரிலும் உண்டு, அது மன்னிக்கக்கூடியது. பக்கத்தில் கிடக்கும் சரியான எழுத்தை வெறும் கோடாகக் காண்பது வேறு வகையான பிழை. அதைத் திருத்த எந்தப் படிவமும் இல்லை.

ஆனாலும் ஒரு சந்தேகம் என்னை விடுவதில்லை. இதைத் திருத்தச் சொல்லி அம்மான் கேட்டாரா? உயிரோடு இருந்த காலம் முழுவதும் அவர் கேட்கவில்லை. அவருடைய செத்தவீடு கொட்டாஞ்சேனையில் நடந்தபோது, வெள்ளை வேட்டி கட்டிய ஒரு முதியவர், பறங்கியரோ மலாயரோ என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாதவர், வாசலில் வந்து அம்மானின் அப்பாவின் பெயரைச் சொல்லி, அவருடைய வீடு இதுதானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். வேறு வீட்டைத் தேடி வந்தவர் என்று நினைத்துத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அவரோ எட்டி உள்ளே பார்த்து, பெட்டியில் கிடந்த முகத்தைக் கண்டு, அந்தப் பெயரையே இன்னொருமுறை சொல்லி அழுதார். யுத்தகாலத் தோழர். அவருக்கு அம்மான் அந்தப் பெயர்தான், அந்தப் பெயரில்தான் அவர்கள் ஒன்றாகப் பசித்திருந்தார்கள், காவல் நின்றார்கள், ஒருவர் உடுப்பை மற்றவர் தோய்த்தார்கள். அப்படியானால் பிழையான பெயருக்கும் ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது. அதை அடித்து நீக்கினால் அந்த முதியவரின் அழுகை யாருக்குப் போய்ச் சேரும்? வயதும் அப்படித்தான். படிவத்தில் உள்ள பிறந்த ஆண்டு, ஊர்ப் பதிவில் உள்ளதைவிட முந்தியது. ஆனால் இது எழுதுவினைஞர் விட்ட பிழை அல்ல, வயது போதாத பையன் தானே கூட்டிச் சொன்னதாகவே இருக்க வேண்டும். பெயரைத் திருத்தக் கோப்பைத் திறந்தால் வயதும் வெளியே வரும். ஒரே தாளில் அவருக்கு நேர்ந்த பிழையும் அவர் சொன்ன பொய்யும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. ஒன்றைத் தொட்டு மற்றதைத் தொடாமல் விட இயலாது. இறந்தவர் மறைத்ததை இருப்பவர் சரிசெய்வதற்கு உரிமை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெளிவாக விளங்கவில்லை.

பதிவேடுகள் அழிந்த கதைகளை வாசிக்கிறபோது இந்தக் குழப்பம் இன்னும் சிக்கலாகிறது. 1940 செப்டெம்பரில் லண்டன் ஆர்ன்சைட் வீதியிலிருந்த யுத்த அலுவலகக் களஞ்சியத்தில் ஜெர்மானியக் குண்டு விழுந்து, முதலாம் உலக யுத்தத்தில் இருந்த படையாட்களின் பதிவுகளில் பாதிக்கு மேல் எரிந்துபோயின. 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவில் சென் லூயிஸ் நகரத்துப் பதிவகத்தில் பிடித்த தீயில் 160 முதல் 180 இலட்சம் கோப்புகள் அழிந்தன. அதில் ஒரு விவரம் என்னை உலுக்கியது. 1947க்கும் 1964க்கும் இடையில் விமானப்படையை விட்டு விலகியவர்களில், அகரவரிசையில் ஹப்பர்ட் என்ற பெயருக்குப் பின்னால் வந்தவர்களின் கோப்புகளே எரிந்தன, அவற்றில் ஏறத்தாழ முக்கால்வாசி. முன்னெழுத்துக்காரர் தப்பினார்கள். ஆகவே பெயர் பிழையாக எழுதப்பட்டு வேறு தட்டில் போய் உட்கார்ந்த கோப்பு ஒன்று, அந்தப் பிழையாலேயே தீயிலிருந்து தப்பியிருக்க முடியும். கொழும்பில் இது வேறு விதமாக நடந்தது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையில் வெள்ளவத்தை வீடுகள் எரிந்தபோது கட்டிலும் கதிரையும் மட்டும் எரியவில்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், திருமணப் பத்திரங்கள், சாதகக் குறிப்புகள், படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த சான்றிதழ்கள், சீருடையோடு எடுத்த படங்கள் எல்லாம் எரிந்தன. சரியான பெயர்கள் இருந்த இடம் வீடு. பிழையான பெயர்கள் இருந்த இடம் அரசாங்கக் கந்தோர். வீடு எரிந்தது, கந்தோர் எரியவில்லை. அதனால் எத்தனையோ மனிதர்களைப் பற்றி இன்று மிஞ்சியிருக்கும் ஒரே எழுத்து அவர்களைப் பற்றிய பிழைதான். ஆதாரம் கொண்டு வா என்று சொல்லும் கடிதம் இந்தச் சரித்திரத்தை அறியாது. தீ வைத்தவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லாத கோப்பிலேயே, ஆதாரம் போதாது என்ற குறிப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது.

எங்கள் மூத்தவர்கள் பெயர்ப் பிழைகளைத் திருத்தப் போகாததற்குச் சோம்பல் காரணம் இல்லை. ஒன்றைத் திருத்தினால் மற்ற எல்லாத் தாள்களும் பிழையாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். பிறப்புப் பதிவில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, வாக்காளர் பட்டியலில் ஒன்று என்று இருக்கும் பெயர்களுக்கிடையில் ஒரு சமநிலையைக் கஷ்டப்பட்டு உண்டாக்கி வைத்திருப்பார்கள். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று ஆன பிறகு ஆங்கிலத்தில் இருந்த பெயர்கள் சிங்களத்துக்குப் போயின, தேவைப்படும்போது மறுபடி ஆங்கிலத்துக்கு வந்தன. ழகரமும் றகரமும் போகிற வழியில் கரைந்தன. பாலன் என்பதன் முதலெழுத்தை p என்பதா b என்பதா என்று தமிழில் கேட்க வேண்டியிராத கேள்விக்கு, சிங்களத்தில் எழுதுகிறவர் தானே விடை சொல்ல வேண்டியிருந்தது. 2014 வரை கொழும்பில் வழங்கப்பட்ட அடையாள அட்டைகளில் விவரங்கள் சிங்களத்திலேயே இருந்தன. தன் பெயரைத் தானே வாசிக்க முடியாத அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு தலைமுறை சோதனைச் சாவடிகளைக் கடந்தது. பொலிஸ் பதிவுத் தாளில் ஒருவிதமாகவும் அட்டையில் இன்னொருவிதமாகவும் பெயர் இருந்தால் அன்றிரவு எங்கே கழியும் என்று சொல்ல முடியாது. 2007 ஜூன் 7 அதிகாலை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிசார் எழுப்பி, கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லை என்று சொல்லி, பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நீதி இவ்வளவு விரைவாக வந்தது பெரிய காரியம்தான். ஆனால் அந்த அதிகாலையில் படுக்கையிலிருந்து எழுந்தவர்களின் கை முதலில் தேடியது தாளைத்தான். கண்ணாடியைத் தேடுவதற்கு முன்னால் அட்டையைத் தேடும் பழக்கம் அதற்குப் பிறகும் பலருக்குப் போகவில்லை.

இதை எல்லாம் நினைக்கையில், பிற நாடுகளில் இதற்கு என்ன வழி வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, படைப்பதிவுகளைத் திருத்துவதற்கென்று படைக்கு வெளியேயுள்ள குடிமக்களைக் கொண்ட சபைகள் ஏற்பட்டன. எழுத்துப் பிழையையும் அநீதியையும் அதே சபை விசாரித்துத் திருத்தலாம். பிழையைக் கண்டறிந்து மூன்று வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று விதி இருந்தாலும், நீதியின் பொருட்டு அந்தக் காலவரையறையைத் தள்ளிவைக்கச் சபைக்கு அதிகாரம் உண்டு. இந்தியாவில் 1972இல் தொடங்கிய சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்தில், சிறைப் பதிவு கிடைக்காதபோது கூடச் சிறையிருந்தவர்களின் சான்றிதழை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழர்களைப் போல, தோற்ற படையில் இருந்தவர்களிடம் தாள் எங்கே இருக்கும்? தாள் பேசாத இடத்தில் தோழன் பேசலாம் என்ற அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தோழர்களும் சாகிறார்கள். 1942இல் 18 வயதானவருக்கு இன்று நூறு வயது கடந்திருக்கும். எங்கள் வாசலில் வந்து அழுத அந்த முதியவரிடம் ஒரு வரி எழுதி வாங்க வேண்டும் என்று அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருக்கவும் முடியாது. செத்தவீட்டில் யார் சாட்சி எடுப்பார்கள்?

பெயரைக் காப்பதற்கென்றே ஏற்பட்ட அமைப்புகளும் இதில் தவறியிருக்கின்றன. பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழு, இறந்த ஒவ்வொருவரையும் பதவி, இனம், மதம் பாராமல் பெயரால் நினைவுகூர வேண்டும் என்ற கொள்கையோடு 1917இல் தொடங்கப்பட்டது. அதே ஆணைக்குழுவுக்காக 2021இல் வெளியான அறிக்கை, முதலாம் யுத்தத்தில் இறந்த ஆபிரிக்க, மத்திய கிழக்கு, ஆசியப் படையாட்களும் கூலியாட்களுமாகக் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. அவர்களுடைய பெயர்களைத் திருத்த வழியில்லை, எழுதியிருந்தால்தானே திருத்துவதற்கு. இலங்கையிலும் இந்த ஏற்றத்தாழ்வு புதிதல்ல. முதலாம் யுத்தம் ஓய்ந்த நாளான நவம்பர் 11 அன்று பொப்பிப் பூ விற்றுச் சேர்ந்த பணத்தில் பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போக, இங்குள்ள முன்னாள் படையாட்களுக்குச் சிறுபகுதியே கிடைக்கிறது என்ற மனக்குறையிலிருந்துதான் 1931இல் ஏலியன் பெரேரா தொடக்கி வைத்த சூரிய மல் இயக்கம் பிறந்தது. சிவப்புப் பொப்பிக்குப் பதிலாகப் பூவரசம்பூ. ஒரே யுத்தத்தில் நின்றவர்களை இரண்டு தரமாகப் பிரித்தது எது என்று கேட்டால், யார் எந்தப் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டார் என்பதுதான் விடை. கொழும்பின் யுத்த நினைவுத் தூணும் நிலையாக ஓரிடத்தில் நின்றதில்லை. கட்டடக்கலைஞர் லட்யன்ஸ் வடிவமைக்க, காலிமுகத்திடலில் எழுந்த அந்த உயர்ந்த தூண், இரண்டாம் யுத்தத்தின்போது எதிரிக்குக் குறிகாட்டியாகிவிடும் என்ற அச்சத்தில் கழற்றப்பட்டு, இன்று விகாரமகாதேவி பூங்காவில் நிற்கிறது. கல்லையே கழற்றி இன்னொரு இடத்தில் பூட்ட முடிந்தவர்களுக்கு ஒரு பெயரின் எழுத்தை மாற்றுவது முடியாத காரியம் என்று நான் நம்பத் தயாரில்லை.

ஆனால் எப்படி மாற்றுவது என்பதில்தான் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டாகியிருக்கிறது. பழைய கைப்பதிவேடுகளில் திருத்தம் செய்யும் முறை கண்ணியமானது. எழுதியதைச் சுரண்டி அழிக்க மாட்டார்கள். வாசிக்கக்கூடியபடி மெல்லிய கோடொன்று கிழித்து, ஓரத்தில் சரியானதை எழுதி, திருத்தியவர் ஒப்பமும் திகதியும் இடுவார். பின்னால் புரட்டுகிறவருக்குப் பிழையும் தெரியும், திருத்தமும் தெரியும், யார் எப்போது திருத்தினார் என்பதும் தெரியும். கணினிக்கு மாறிய பிறகு இது சுலபமாகியிருக்க வேண்டும், ஆனால் ஒரு பெயரின் இடத்தில் இன்னொன்றை இட்டால் பழையது சுவடில்லாமல் போய்விடுகிற அபாயமும் கூடவே வந்திருக்கிறது. சுத்தமான ஒரு பதிவைத்தான் குடும்பங்கள் விரும்புகின்றன, அந்த ஆசையை நான் குறைசொல்ல மாட்டேன். அம்மாவும் அதைத்தான் விரும்பினார்: அண்ணாந்து பார்க்கும்படி, பிழையில்லாமல், அம்மானின் பெயர் ஓரிடத்தில் இருக்க வேண்டும். ஆனால் பிழை முழுவதும் நீங்கிவிட்டால், அந்தப் பையன் நாலு வருஷம் அப்பாவின் பெயருக்கு எழுந்து நின்றதும் நீங்கிவிடும். அவனைக் கூப்பிட்டவர்களுக்கு அவன் மொழி தெரியாது என்ற உண்மையும் நீங்கிவிடும். வந்து அழுத முதியவர் உண்மையிலேயே வீடு மாறி வந்தவராகிவிடுவார். பிழை அரசாங்கத்துடையது, அது அரசாங்கத்தின் தாளில் அரசாங்கத்தின் பெயரோடு இருக்கட்டும். அதன் பக்கத்தில் அம்மானின் பெயர் அவருடைய பெயராக இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாக்குவது எங்கள் வேலை அல்ல.

இவ்வளவு பழைய ஒரு மனிதனின் பெயருக்காக இவ்வளவு பேச வேண்டுமா என்று கேட்பவர்கள், இந்த நாட்டில் இன்று பெயர்ப் பட்டியல்களுக்கு முன்னால் நிற்பவர்களைப் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் அமைந்தது. பிள்ளையைத் தேடும் தாய் ஒருவரிடம் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி ஒன்று, செஞ்சிலுவைச் சங்கத்தின் தாள் ஒன்று, ஆணைக்குழுவுக்குக் கொடுத்த சாட்சியம் ஒன்று என்று இருக்கும். ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர் வெவ்வேறு எழுத்தில், சில இடங்களில் வெவ்வேறு மொழியில், சில இடங்களில் அப்பாவின் பெயர் முன்னாலும் சில இடங்களில் பின்னாலுமாக இருக்கும். படையில் சேர்ந்தவனின் பதிவில் ஓர் எழுத்து மாறினால் பதக்கமும் ஓய்வூதியமும் தவறிப்போகும். தேடப்படுகிறவனின் பதிவில் ஓர் எழுத்து மாறினால் தேடலே வேறு ஆளை நோக்கிப் போய்விடும். அந்தத் தாயையும் ஒரு சத்தியக்கடதாசியில் ஒப்பமிடச் சொல்வார்கள்: இரண்டு பெயர்களாலும் குறிக்கப்படுபவர் ஒருவரே. பெற்றவளைப் பார்த்து இதைச் சத்தியம் செய் என்று கேட்பதில் உள்ள கொடுமை, கேட்பவருக்கு விளங்காமல் போவதற்குக் காரணம் அவர் கெட்டவர் என்பதல்ல. அந்தத் தாய் முதல்நாள் தன் கையால் தமிழில் எழுதிக் கொடுத்த பெயர் அவருடைய மேசையிலேயே இருக்கிறது, அவரால் அதை வாசிக்க முடியவில்லை என்பதுதான்.

ஆகவே அம்மானின் கோப்புக்கு நான் விண்ணப்பிக்கத்தான் போகிறேன், சந்தேகங்கள் தீர்ந்துவிட்டன என்பதற்காக அல்ல. வயதைப் பற்றி அவர்கள் கேட்டால் அது அவர் சொன்ன விடை, அதைத் திருத்தும்படி நாங்கள் கேட்கவில்லை என்று எழுதுவேன். அப்பாவின் பெயரை அடித்து நீக்க வேண்டாம், அந்தப் பெயரில் அவரை அறிந்தவர்கள் இருந்தார்கள் என்றும் எழுதுவேன். இருவரும் ஒருவரே என்ற சத்தியத்தை நான் செய்யப் போவதில்லை. ஆதாரம் என்ற இடத்தில் சேர்க்கைப் படிவத்தின் அந்தப் பக்கத்தையே இணைத்து, கையொப்பத்தைத் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் வாசித்து, தான் வாசித்ததைத் தன் ஒப்பத்தோடு ஓரத்தில் எழுதினால் போதும் என்று கேட்பேன். மறுத்தால் என்ன காரணத்தால் மறுக்கிறார்கள் என்பதையாவது அவர்கள் எழுத்தில் தர வேண்டியிருக்கும். தமிழில் இட்ட ஒப்பம் ஆதாரமாகாது என்று ஒரு கந்தோர் எழுதுமானால், அந்த வரியும் அம்மானின் கோப்பில் இருக்க வேண்டியதுதான்.